வாய்க்கட்டு

கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பூவாத்தாள் வெளியே வருவதற்கு முன்பே தீர்த்தகிரி அதைப் பார்த்துவிட்டான். வாசற்படிக்கு இடப்பக்கம், தினமும் அவள் முதல் காலை எடுத்து வைக்கிற இடத்தில், ஒரு வயல் நண்டு மல்லாக்கக் கிடந்தது. இன்னும் சாகவில்லை. ஒரு கொடுக்கு மட்டும் மெதுவாக விரிந்து மூடிக்கொண்டிருந்தது. ஓட்டில் பல் பதிந்த சின்னத் துளைகள். மாசி பிறந்து கிணறுகளே அடியைக் காட்டிக்கொண்டிருந்த நேரம். நண்டு வேண்டுமென்றால் ஏரியின் நடுப்பள்ளத்துச் சேற்றுக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து எத்தனையோ வாசல்களைத் தாண்டி இந்த வாசலுக்கு இதைக் கொண்டுவந்து, நசுக்காமல், பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்தது ஏதோ ஒன்று.

காலால் அதை வேலியோரம் தள்ளினான்.

"என்னுங்க அது?" உள்ளிருந்து பூவாத்தாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. பூனை எதையோ கொண்டாந்து போட்டிருக்குது."

சொன்னதுமே முகம் சூடாகிவிட்டது. பொய் என்றால் அவன் நாக்கு வழுக்கிக்கொண்டு வரும். முகம்தான் கூட வர மறுக்கும். நல்லவேளை, அவள் இருட்டுக்குள் இருந்தாள்.

மறுநாள் இலந்தைப்பழம். ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொன்றும் எச்சில் பட்டு மினுங்கிக்கொண்டு, அதே இடத்தில் குவிந்திருந்தது. எந்தப் பூனை இலந்தைப்பழம் பொறுக்குகிறது? அதற்கு அடுத்த நாள் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். அன்றைக்குப் பூவாத்தாள் முந்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆருக்கோ ஊட்டறதுக்குன்னு வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

யார் வைத்தது என்று அவனுக்குத் தெரியும். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவனுக்கு விருப்பமில்லை.

அந்த ஊரில் தை மாதம் நரி முகத்தில் முழித்தால்தான் வருஷம் விளங்கும். மற்ற ஊர்க்காரர்கள் காளையை விரட்டிக்கொண்டிருக்கும்போது இவர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டக்கரட்டுக்குக் கிளம்புவார்கள். மரமில்லாத அந்தக் குன்றின் அடிவாரப் பொட்டலில் வங்கு தோண்டிக் குடியிருக்கும் வங்காநரி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. வால் நுனி மட்டும் மையில் தோய்த்தது போலக் கறுத்திருக்கும். அதைக் கொன்றால் ஊருக்கே ஆகாது. உயிரோடு பிடித்து, கடிக்காமலிருக்க வாயைக் கட்டி, மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுவந்து மாலை போட்டு, பிள்ளைகுட்டியோடு ஊர் மொத்தமும் அதன் முகத்தைப் பார்த்த பிறகு, பொழுது சாய்வதற்குள் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். வாயைக் கட்டியவன்தான் அவிழ்க்கவும் வேண்டும். வேறு கை படக்கூடாது.

கட்டுகிற உரிமை தீர்த்தகிரியின் வீட்டுக்கு. தறிக்காரன் போடுகிற முடிச்சு நழுவாது என்று என்றைக்கோ ஊர் கொடுத்தது. அவன் அப்பன் கட்டிக்கொண்டிருந்தான். அப்பன் செத்து, இந்த எழுபத்தெட்டாம் வருஷத் தையில்தான் முதல் தடவையாக இவன் கைக்கு வந்தது. ஒரு வாரமாகத் தலைகால் புரியாமல்தான் திரிந்தான். பாவு நூலைத் திரித்துக் கயிறு செய்து, மஞ்சள் தடவி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினான்.

நரியைப் பிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அது போன வழியில்தான் திரும்பும். அந்திக்கு இரை தேடப் போவதும் விடியலில் வங்குக்குத் திரும்புவதும் ஒரே தடத்தில்; நடுவில் மேடான கல்லாகப் பார்த்துப் புழுக்கை போட்டு வைத்திருக்கும், தன் காட்டுக்கு எல்லைக்கல் நட்ட மாதிரி. அந்தத் தடத்தில் வலையைக் கட்டி, வங்கின் மற்ற வாய்களில் புகை போட்டால் முடிந்தது. ஒரு வங்குக்கு எத்தனையோ வாய் இருக்கும். ஆணும் பெட்டையுமாக ஜோடி போட்டுத்தான் வாழும். ஒன்று செத்தால்தான் ஒன்று பிரியும். அன்றைக்கு ஆண் நரி வலையைத் தாண்டிவிட்டது. பெட்டைதான் விழுந்தது. தாண்டின ஆண் ஓடிப்போயிருக்கலாம். போகவில்லை. பாறைமேல் ஏறி நின்றுகொண்டு, கெக்கெக்கெவென்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டே இருந்தது. ஆட்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு கரட்டுக்குப் போனது தீர்த்தகிரியும் அவன் சேக்காளி மாதையனும். வெண்ணந்தூர் டூரிங் டாக்கீஸில் பொங்கலுக்குப் புதுப்படம் போட்டிருந்தார்கள். மாதையன் சைக்கிளோடு கீழே, முள்வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியிலேயே நின்றுகொண்டான்.

"வெரசா வாடா மாப்ளே. பேரு போடறதுக்குள்ள போயிரோணும்."

வங்கின் பக்கம் போய்க் கூடையை இறக்கி மூடியை எடுத்தான். பெட்டை நரி ஒருக்களித்துக் கிடந்தது. நாள் முழுக்க அதைக் கயிற்றில் ஓடவிட்டு ஊர் கைதட்டியிருந்தது. கழுத்தில் கசங்கின செவ்வந்தி மாலை. கால் கட்டு சுலபமாக அவிழ்ந்தது. வாய்க்கட்டுதான் வரவில்லை. எச்சிலில் ஊறி, முடிச்சு உள்வாங்கி, கடலைப்பருப்பு அளவுக்கு இறுகி, நகத்துக்குப் பிடி கொடுக்காமல் இருந்தது. கத்தரிக்கோல் வீட்டில், தறிமேல் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தால் வந்துவிடும். ஆனால் அதற்கு அந்த முகத்தோடு தன் முகத்தை வைக்க வேண்டும். நரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் கோபமில்லை. இவன் அவிழ்ப்பான் என்று அது காத்திருந்தது.

கீழே சைக்கிள் மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

தீர்த்தகிரி கூடையைச் சாய்த்துவிட்டான்.

அது தள்ளாடி எழுந்து ஓடியது. மேலே பாறையிலிருந்து ஆண் நரி இறங்கி வந்து, அதன் வாயை மோந்து பார்த்தது. மோந்துகொண்டே இருந்தது. அவன் திரும்பி நடந்தான்.

சினிமாவில் சிரிப்பு நடிகர் வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். பிற்பாடு அதை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பு கூசும். நரியை அப்படி விட்டதைக்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவிடலாம். சிரித்ததற்கு என்ன சாக்குச் சொல்வது?

கோயில் முன்னால் ஊர்ப் பெரியதனக்காரர் பச்சமுத்து கேட்டார், "அவுத்துட்டியா சாமி?" "அவுத்துட்டனுங்க" என்றான். அது முதல் பொய். வீட்டுக்கு வந்தால் பூவாத்தாள் விளக்கை வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் வயிறு திறக்காமல் இருந்தவள். நாள் தள்ளிப்போயிருப்பதை மனசுக்குள் வைத்திருந்து, நரி முகத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் புருஷனிடம் சொல்ல வேண்டுமென்று இருந்திருக்கிறாள். சொன்னாள். அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், "வாய்க்கட்ட அவுத்துத்தானே உட்டீங்க? எனக்கென்னமோ வெசனமாவே இருக்குது. அதும் பெட்டை. எந்த நெலமையில இருக்குதோ."

"அவுக்காம உடுவனா?"

"எம்மேல சத்தியமா?"

அவளுடைய வயிற்றில் கையை வைத்தான். "உள்ள இருக்கற புள்ள மேல சத்தியமா" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. கை மட்டும் அந்த இடத்தில் சூடு பட்டது போலச் சட்டென்று விலகியது. அவள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்; பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கரட்டுக்குப் போனான். பொழுது விழுகிற நேரம். எருக்கஞ்செடி மறைவில் உட்கார்ந்து பார்த்தான். வங்கின் வாயில் பெட்டை நரி தலையை முன்னங்கால்மேல் வைத்துப் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. வாய்க்கட்டு கறுத்துப்போய், தோலுக்குள் இறங்கியிருந்தது. அதன் முன்னால் ஒரு குவியல்: நண்டு, ஓணான், எலி, இலந்தைப்பழம், இறகோடு ஒரு காடைக்குஞ்சு. அடியில் கிடந்தவை காய்ந்து, மேலே கிடந்தவை புதிதாக இருந்தன. எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆண் நரி தடத்தில் வந்தது. வாயிலிருந்த நண்டைப் பெட்டையின் முன்னால் வைத்தது. மூக்கால் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தது. உட்கார்ந்து காத்திருந்தது. பிறகு, இது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட மாதிரி, எழுந்து வேறு ஏதாவது கொண்டுவரப் போனது.

தீர்த்தகிரிக்கு அழுகை வந்தது. கத்தரிக்கோலை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தான். செடி அசைந்தது. பெட்டை அவனைப் பார்த்தது. முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு, பின்பக்கமாக, அங்குலம் அங்குலமாக வங்குக்குள் போனது. கடைசியாக அந்தக் கட்டின வாய் மட்டும் தெரிந்து, அதுவும் போய்விட்டது.

கையை உள்ளே விட்டிருக்கலாம். ஊரைக் கூப்பிட்டிருக்கலாம். மண்வெட்டியோடு வந்து தோண்டிப் பிடித்திருப்பார்கள். இவன் முகத்தில் காறித் துப்பியிருப்பார்கள், உரிமை போயிருக்கும், ஆனால் நரி பிழைத்திருக்கும். அவன் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சோறு தின்றான்.

அதற்கப்புறம்தான் வாசலில் நண்டு.

மாசியில் பூவாத்தாளுக்குத் தாடை வலிக்க ஆரம்பித்தது. முதலில் முறுக்குக் கடிக்க முடியவில்லை என்றாள். பிறகு சோறு மெல்ல முடியவில்லை. அடுத்த வீட்டுச் சென்னம்மாள் வந்து பார்த்து, "வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு மசக்கை அப்படித்தான் இருக்கும். கம்முனு இருடா தம்பி, நாலஞ்சு மாசமானா அவளே கேட்டுக் கேட்டுத் தின்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தீர்த்தகிரி அதை நம்பினான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நம்பினான். தினமும் தறியை நிறுத்தியதும் கடைவீதிக்குப் போய் ஏதாவது வாங்கிவந்தான். பன்னு, கடலைமிட்டாய், மாங்காய்க் கீற்று, சூடான போண்டா. அவள் முன்னால் வைத்து, "ஒரு வாய் புள்ள, ஒரே ஒரு வாய்" என்பான். அவள் தலையை ஆட்டுவாள். பிறகு தின்கிறேன் என்று கையைக் காட்டுவாள்.

பாயில் படுக்க வர மாட்டேன் என்று ஆரம்பித்தாள். வீட்டின் முன்கட்டில் குழித்தறி. தறிக்காரன் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிப்பதற்கு, தரையில் வெட்டின முழங்கால் ஆழக் குழி. அதற்குள் இறங்கி, மண்சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குளுமையாக இருக்கிறது என்று ஜாடை காட்டினாள். குழியிலிருந்து எப்போதும் எண்ணெயும் கஞ்சிப்பசையும் கலந்த வாசம்தான் வரும். இப்போது வேறு ஒரு வாசம் வந்தது. வெயிலில் காய்ந்த மயிர், புழுக்கை, ஈர மண். அவன் சாம்பிராணி போட்டான். சாம்பிராணிக்கு அடியிலும் அது இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் போண்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மேற்கே பார்த்த வாசல். சாய்வெயில் நேராகத் தறிக்குழிவரை விழுந்திருந்தது. குழியின் விளிம்பில், அவன் வாங்கிவந்த அத்தனையும் குவிந்திருந்தன. காய்ந்த பன்னு. எறும்பு மொய்த்த கடலைமிட்டாய். சுருங்கிப்போன மாங்காய். அடியில் கிடந்தவை பழசு, மேலே கிடந்தவை புதுசு. எதையும் அவள் தொட்டிருக்கவில்லை. குழிக்குள்ளிருந்து, தலையை முழங்கால்மேல் வைத்து, அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குவியலை அவன் பார்த்திருக்கிறான்.

கையிலிருந்த பொட்டலத்தை வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றான். பிறகு வைத்தான். வேறு என்ன செய்வான்? கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொடுத்தான். தள்ளிக் கொடுத்த தன் கையைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

ராசிபுரத்து டாக்டர் விரலால் தாடையைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. துரு ஆணி, முள், ஏதாவது குத்தியதா என்று கேட்டார். கேள்விக்கெல்லாம் இல்லை என்று அவள் தலையாட்டினாள். ஊசி போட்டார். விடியக் காலையில் முதல் பஸ்ஸில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடு, வயிற்றில் பிள்ளை வேறு இருக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் இரண்டு உயிருக்கும் தாங்காது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே குழிக்குள் இறங்கினாள். அவனைக் கூப்பிட்டாள். தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் காற்றில் ஒரு முடிச்சை அவிழ்ப்பது போல் செய்து காட்டினாள். செய்துவிட்டு, புருவத்தைத் தூக்கி, பதிலுக்குக் காத்திருந்தாள்.

கோபமில்லை அந்தக் கண்ணில். அதுதான் தாங்க முடியவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. நான் அவுக்கல புள்ள, பொய்ச்சத்தியம் பண்ணீட்டேன், என்னை மன்னிச்சுக்கோ. இத்தனைதான். நாக்கு நுனிவரை வந்தது.

"வெடியால சேலம் போயிரலாம். எல்லாஞ் சரியாப்போயிரும்" என்றான்.

அவள் கையை மெதுவாகக் கீழே போட்டாள். அந்த வெட்கத்தோடு அங்கே நிற்க முடியாமல் அவன் வெளியே வந்தான். சென்னம்மாளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, இதா வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கரட்டைப் பார்த்து நடந்தான். பச்சமுத்துவின் வாசலைத் தாண்டித்தான் போனான். அவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "எங்க சாமி, பொழுதோட?" என்றார். "சும்மாங்க" என்றான். அவிழ்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கத்தரிக்கோல் வேண்டாம், கட்டியவன் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தே விடுகிறேன் தாயே என்று முனகிக்கொண்டே நடந்தான்.

கரட்டடியில் காற்று நின்றிருந்தது. பொழுது மேற்கே சிவந்து கிடந்தது. வங்கின் வாயில் குவியல் அப்படியே இருந்தது, ஆனால் முழுக்கக் காய்ந்து, ஓடும் எலும்பும் கொட்டையுமாக. புதிதாக எதுவும் இல்லை. ஆண் நரியையும் காணோம். தடத்தில் மட்டும் அதன் காலடி இருந்தது. கரட்டிலிருந்து இறங்கி, இட்டேரி வழியாக, ஊரைப் பார்த்து. ஊருக்குள் போன தடம். போன வழியிலேயே திரும்பின தடம். மறுபடி போன தடம். இந்தக் கடைசித் தடம் திரும்பியிருக்கவில்லை.

குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான்.

மண். வேர். மண். தோள்வரை போயிற்று. கன்னம் தரையில் அழுந்தியது. விரலில் மயிர் தட்டியது.

காய்ந்த மயிர். அதன்கீழ் அசையாத கெட்டி. தடவினான். காது. கண் இருந்த குழி. மூக்கு. கயிறு.

கயிற்றை அவன் விரல் அடையாளம் கண்டுகொண்டது. அவன் திரித்தது. முடிச்சு கல்லாக இருந்தது. நகத்தை உள்ளே கொடுத்தான். நகம் பிய்ந்தது. இன்னொரு நகம். வாயில் மண் போயிற்று. எச்சிலைத் தொட்டு முடிச்சில் தடவினான். "வந்துரு சாமி, வந்துரு" என்றான். பொழுது முழுக்க இறங்கிவிட்டது. முடிச்சு இளகியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கயிறு கையோடு வந்தது.

கையை வெளியே இழுப்பதற்குள் அது நடந்தது.

அவன் உள்ளங்கைக்குள் அந்தத் தாடை திறந்தது.

மெதுவாக. தானாக. அகலமாக.

கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். இட்டேரி முள் கையைக் கீறியது, செருப்புப் போயிற்று. ஊர் விளக்கு தெரிந்த பிறகுதான் நின்று மூச்சு வாங்கினான். மடியில் கயிறு இருந்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, அது இருந்த இடத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்து உட்கார்ந்தது. அவிழ்த்தாயிற்று. எப்படியோ, அவிழ்த்தாயிற்று. கடையில் கடைசியாக இருந்த போண்டாவைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான். கடைக்காரர்கூடக் கேட்டார், "என்னப்பா, நரி மொகத்துல முழிச்ச மாதிரி இருக்கற?" காசை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

சென்னம்மாள் அவள் வீட்டு வாசலில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "போடா, போய்ப் பாரு. வாய் தொறந்துருச்சு உம்பொண்டாட்டிக்கு. பசிக்குதுக்கான்னு சொன்னா. நீதான் சோத்துக்கு ஏதோ கொண்டாந்து குடுத்தியாமா, அதத் தின்னுட்டு இருக்கறா. எம்முன்னால வெக்கமா இருக்குதுன்னு என்னையப் போகச் சொல்லீட்டா."

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனிமேல் பொய் சொல்வதில்லை, நாளைக்கே பச்சமுத்துவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பூவுகிட்ட இப்பவே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே வாசலை மிதித்தான்.

நான்தான் கொண்டுவந்து கொடுத்தேனா?

நான் இப்போதுதானே வருகிறேன்.

உள்ளே மெல்லுகிற சத்தம் கேட்டது. ஓடு நொறுங்குகிற சத்தம்.

காடா விளக்கு தறிமேல் எரிந்துகொண்டிருந்தது. பாவு நூலின் நிழல் சுவரெல்லாம் கோடு கோடாக விழுந்திருந்தது. அவன் உட்கார்ந்து நெய்கிற பலகைமேல், குழியைப் பார்த்தபடி, வங்காநரி உட்கார்ந்திருந்தது. கறுத்த வால் நுனியை முன்னங்காலைச் சுற்றிப் போட்டிருந்தது. வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பன்னும் மிட்டாயும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தன.

குழிக்குள் பூவாத்தாள். முகத்தைத் தாழ்த்தி, கையால் தொடாமல், வாயாலேயே. நண்டுக்கால் ஒன்று உதட்டோரம் தொங்கி ஆடியது. நரி இன்னொன்றை மூக்கால் அவள் பக்கம் தள்ளிக் கொடுத்தது. அவள் அதையும் எடுத்துக்கொண்டாள். அது காத்திருந்தது. அவள் தின்பதைப் பார்த்து, அத்தனை நாள் பசிக்கும் சேர்த்துக் காத்திருந்தது.

தீர்த்தகிரியின் கையிலிருந்த பொட்டலம் விழுந்தது.

இரண்டு முகமும் நிமிர்ந்தன.

அவள் அவனைப் பார்த்தாள். யாரோ அந்நியன் வீட்டுக்குள் வந்துவிட்டதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வாய் திறந்தே இருந்தது. மனுஷ வாய் அவ்வளவு திறக்காது. அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு, அவள் பின்வாங்கினாள். குழியின் மண்சுவர் அங்கேதான் இருக்க வேண்டும். அவன் தாத்தா வெட்டின குழி. அதன் ஒவ்வொரு சாணும் அவனுக்குத் தெரியும். அவள் இன்னும் பின்வாங்கினாள். இடுப்பு போயிற்று. தோள் போயிற்று. அங்கே சுவர் இல்லை. இருட்டு இருந்தது. அதற்குள் அவள் முகம், அங்குலம் அங்குலமாக.

பூவு, என்று கூப்பிட வேண்டும். நான்தான் புள்ள, நான் அவுக்கல, அப்ப அவுக்கல, இப்பத்தான் அவுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

வாயைத் திறந்தான்.

திறக்கவில்லை.

இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தான். பிய்ந்த நகங்கள் உதட்டைக் கிழித்தன. பல்லோடு பல் ஒட்டிக்கிடந்தது. தொண்டையில் சத்தம் முட்டி மோதி அங்கேயே நின்றது. மடியில் கை போயிற்று. கயிறு அங்கே இல்லை.

வங்காநரி பலகையை விட்டு இறங்கிவந்தது. அவன் காலடியில் கிடந்த பொட்டலத்தை மோந்து பார்த்தது. அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. ஊர் மொத்தமும் வருஷம் முழுக்கப் பார்க்க ஏங்குகிற முகம், அவனுக்கு எதிரே, விளக்கு வெளிச்சத்தில். அப்புறம் பொட்டலத்தைத் தொடாமல் திரும்பி, குழிக்குள் இறங்கி, அவள் போன வழியே போயிற்று.

வெளியே சென்னம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "என்னடா, தின்னாளா?" என்று கேட்டாள்.

குழிக்குள்ளிருந்து, தரைக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து, கெக்கெக்கெவென்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டுக்கும் நடுவிலிருந்து, இன்னும் கண் திறக்காத ஏதோ ஒன்றின் மெல்லிய குரல்.